நான்கு சக்கரமும் இழுக்கும், நிறுத்துவது எது?



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து பினாங்கில் ஒரு நாசி கண்டார் கடையில் அமர்ந்திருந்தோம். அருகில் இருந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: “ஹஜ்ரத், மகனுக்கு வேலை கெடச்சிருச்சு. ஸ்போர்ட்ஸ் கார்தான் வேணும்னு நிக்கிறான். சரி, நாலு சக்கரமும் இழுக்கிற சுபாருவா வாங்கிக்கன்னு சொல்லிட்டேன். மழையில அதுதானே பத்திரம்?” சுற்றியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். அதே வண்டியை வைத்திருக்கும் நாமும் தலையசைப்போம் என்று எதிர்பார்த்தார்கள். நாம் மறுத்தோம். அன்று அரைகுறையாகச் சொன்ன மறுப்பை இங்கே முழுமையாக எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். இந்த வண்டியின் மீது நமக்கு வெறுப்பில்லை. 2003ஆம் ஆண்டின் இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கி ஆறு ஆண்டுகளாக ஓட்டி வருகிறோம். அதன் இயந்திரத்தில் சிலிண்டர்கள் செங்குத்தாக நிற்காமல் இருபுறமும் படுத்திருக்கின்றன. அதனால் எடை தாழ்ந்து அமைந்து, வளைவுகளில் வண்டி சாய்வது குறைகிறது. முகப்பு மூடியில் உள்ள திறப்பைப் பலர் அலங்காரம் என்று எண்ணுகிறார்கள். அதுவோ டர்போ அழுத்தும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குக் காற்றை அனுப்பும் வழி. நான்கு கதவுகளும் பிள்ளைகள் மூவர் அமரும் பின்னிருக்கையும் கொண்ட ஒரு சிறிய குடும்பக் காரில் இத்தனை வலிமையை அடக்கியது உண்மையிலேயே ஒரு சாதனைதான்.

செலவு உண்டு. ரான் 97 பெட்ரோல் ஊற்றியும் நகருக்குள் லிட்டருக்கு எட்டு கிலோமீட்டரைத் தாண்டுவது அரிது. ஒரு டயர் பழுதானால் மற்ற மூன்றின் தேய்மானத்தையும் பார்க்க வேண்டும்; சுற்றளவு வேறுபட்டால் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் கெடும். இவையெல்லாம் பணத்தோடு போய்விடும். உயிரோடு விளையாடுவது அந்தப் பெரியவர் சொன்ன ஒற்றை வாக்கியம்தான்.

நான்கு சக்கர இழுவை என்பது என்ன? இயந்திரத்தின் விசையை இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் கொடுக்காமல் நான்கிற்கும் பகிர்ந்து கொடுப்பது. நம் வண்டியில் முன்னும் பின்னும் சரிபாதி. ஆகவே ஈரச் சாலையிலும் சக்கரம் வீணாகச் சுழலாமல் வண்டி பாய்ந்து புறப்படும். பயன் அவ்வளவே. பிரேக்கை மிதிக்கும்போது இயந்திரத்தின் விசைக்கு அங்கே வேலையில்லை. மிகச் சாதாரணமான காரிலும் பிரேக் நான்கு சக்கரங்களிலும்தான் பிடிக்கிறது. நிறுத்துவதும் வளைவில் தாங்குவதும் டயரின் பொறுப்பு. ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு. விலையுயர்ந்த வண்டி என்பதற்காக மழைநீர் அந்த உள்ளங்கைக்கு வழிவிடாது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சாதாரணக் காரில் மழையில் அழுத்தி மிதித்தால் சக்கரம் வழுக்கும். “சாலை ஈரம், மெதுவாகப் போ” என்று வண்டியே ஓட்டுநரிடம் சொல்லும் எச்சரிக்கை அது. நான்கு சக்கர இழுவை அந்த எச்சரிக்கையை மறைத்துவிடுகிறது. வேகம் ஏறும்; வழுக்கல் தெரியாது. நிறுத்த முற்படும்போதுதான் தெரியவரும். 90 கி.மீ. வேகத்திலிருந்து 110க்கு உயர்ந்தால், பிரேக் தணிக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. 110 கி.மீ. வேகத்தில் ஒரு நொடியில் 30 மீட்டர் கடந்துவிடுகிறோம்.

இதை நூல்களிலிருந்து மட்டும் சொல்லவில்லை. கோலாலம்பூரில் ஒரு நிக்காஹ் முடிந்து குடும்பத்துடன் வடக்கு நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தோம். ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதையை ஒட்டிய மலைவளைவுகளில் கனமழை. வண்டி நிதானமாகவே ஓடுவதாக நம்பினோம். முன்னால் ஒரு லாரியின் சிவப்பு விளக்குகள் எரிந்தன. பிரேக்கை மிதித்தோம். பின்புறம் விலகியது. அரைச்சுற்றுச் சுற்றி, வந்த திசையைப் பார்த்தபடி அவசரத் தடத்தில் நின்றோம். எவருக்கும் காயமில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பின்னிருக்கையிலிருந்து “அத்தா” என்று வந்த அந்த ஒரே குரல் இன்றும் செவியில் இருக்கிறது. டயர்கள் தேய்ந்திருந்தன. சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டருக்குச் சற்றே மேல். குற்றம் வண்டியுடையதன்று, நம்முடையது.

“ராலிப் பந்தயத்தில் வென்ற வண்டியாயிற்றே” என்கிறார்கள் இளைஞர்கள். உண்மை. 1995இல் காலின் மெக்ரே இம்ப்ரெசாவில் உலகப் பட்டம் வென்றார். நம் நாட்டின் கரம்ஜித் சிங் 2002இல், லான்சர் எவல்யூஷனை அடிப்படையாகக் கொண்ட புரோட்டோன் பெர்ட்டில், உற்பத்திக் கார்களுக்கான உலகப் பட்டத்தை வென்றார். ஆனால் அவர்களுக்குச் சாலை மூடப்பட்டிருந்தது. அருகில் அமர்ந்த துணை ஓட்டுநர் ஒவ்வொரு வளைவையும் முன்கூட்டியே வாசித்துச் சொன்னார். தலையில் கவசமும் வண்டிக்குள் எஃகுக் கூண்டும் இருந்தன. உங்கள் மகனுக்கு அருகில் இருப்பது நண்பர்கள். முன்னால் இருப்பது பிறருடைய பிள்ளைகள் பயணிக்கும் மோட்டார் சைக்கிள்.

ஒட்டகத்தை முதலில் கட்டு, பிறகு இறைவனிடம் பொறுப்பை ஒப்படை என்னும் நபிகளார் (ஸல்) அவர்களின் போதனையை மதரஸாவில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அந்தப் பெரியவரும் கட்டத்தான் விரும்பினார். எது கயிறு என்பதில்தான் தவறினார். நாமும் அப்படியே தவறியிருந்தோம். நான்கு சக்கர இழுவை கயிறன்று. நல்ல டயர், வழுக்கும்போது தானாகவே சக்கரங்களைத் தனித்தனியே பிடித்து வண்டியை நேராக்கும் மின்னணு நிலைப்படுத்தி, முன்வண்டியுடன் விட்டுவைக்கும் இடைவெளி, மழையில் குறைத்த வேகம் ஆகியவையே கயிறு. நம் பழைய வண்டியில் அந்த நிலைப்படுத்தி இல்லை. அது பொருத்தப்பட்ட ஓர் எளிய முன்சக்கர இழுவைக் கார், புதுக்கட்டைக் கடக்காத இளைஞனுக்கு அதைவிடப் பாதுகாப்பானது என்று, அதன் உரிமையாளராகவே சொல்கிறோம்.

மகன் ஆசைப்பட்டால் வாங்கிக் கொடுங்கள். அழகிய வண்டியை விரும்புவது குற்றமன்று. ஆனால் “இது பத்திரமான வண்டி” என்று சொல்லிச் சாவியைக் கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்வதை அவன் நம்புவான். அந்த நம்பிக்கையோடுதான் மழையில் அழுத்துவான்.

நம் பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் நலமாக வீடு சேர்ப்பானாக. வஸ்ஸலாம்.