இறங்கும் வேளை

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

போர் விமானம் ஒன்று விழுந்தது என்ற செய்தி வந்ததும் நம்மவர் வாயில் இரண்டே பேச்சுதான் வருகிறது. ஒன்று, "ஓட்டியவன் தவறு". மற்றொன்று, "ஓட்டை விமானம்". தேநீர்க் கடையிலும் விடுதி அறையிலும் இதோடு வழக்கு முடிந்துவிடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது காரணம் ஒன்று ஒளிந்திருக்கிறது. அதை நாம் கேட்பதே இல்லை என்பது என் கருத்து.

1963 இல் நம் விமானப் படைக்கு வந்த மிக்-21 விமானத்துக்கு 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடை கொடுத்தார்கள். 1971 டிசம்பரில் டாக்காவின் ஆளுநர் மாளிகையைத் தாக்கி, வங்கதேசப் போரை விரைவில் முடிக்க உதவிய விமானம் அது. அந்தப் பெருமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பெருமைக்கு அருகிலேயே வேறொரு கணக்கும் இருக்கிறது. வாங்கிய 872 மிக் வகை விமானங்களில் பாதிக்கு மேல் விபத்தில் போயின என்றும், 171 விமானிகள் மாண்டனர் என்றும் 2012 இல் பாதுகாப்பு அமைச்சர் அ.கு.அந்தோணி நாடாளுமன்றத்திலேயே கூறினார். அதற்கடுத்த ஆண்டு ஜூலை 15 அன்று இராஜஸ்தானத்து உத்தர்லாய் தளத்தில், தரையிறங்கும்போது ஒரு மிக்-21 நொறுங்கியது. அதன் விமானியும் உயிர் இழந்தார்.

தரையிறங்குவதில் அப்படி என்ன கடினம்? எங்கள் சுருளிப்பட்டியிலிருந்து திராட்சை ஏற்றிக்கொண்டு குமுளி மலைப்பாதையில் போய் வரும் லாரி ஓட்டுநரைக் கேளுங்கள். ஏறுவது எஞ்சினின் வேலை, இறங்குவதுதான் ஓட்டுநரின் வேலை என்பார். விமானத்துக்கும் அதுவே பொருந்தும். மிக்-21 இன் சிறகு மெல்லியது, முக்கோண வடிவினது. ஒலியை மிஞ்சிப் பறப்பதற்கென்றே செய்தது. மெதுவாகப் பறக்க அது ஒத்துழைக்காது. ஆகவே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுதளத்தை நெருங்க வேண்டும். இறங்கிய பின் வாலில் குடை விரித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். வேகம் ஒன்றரை மடங்கானால் அடக்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்காகும் என்று நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். இருப்பதும் ஒரே எஞ்சின். அது நின்றால் வேறு துணை கிடையாது.

இந்த விமானத்தில் ஏறுமுன் நம் இளைஞன் எதில் பழகினான்? பெரும்பாலும் கிரண் என்ற பயிற்சி விமானத்தில். அதன் இறங்கும் வேகம் மிகக் குறைவு. சைக்கிள் பழகியவனைக் கொண்டைஊசி வளைவில் லாரி ஓட்டச் சொன்னது போலத்தான் இது. இடையில் ஒரு படி வேண்டும், உயர்நிலை ஜெட் பயிற்சி விமானம் வாங்குங்கள் என்று 1982 இலேயே டெனிஸ் லா ஃபோன்டைன் தலைமையிலான குழு பரிந்துரைத்தது. ஹாக் விமானங்களுக்கு ஒப்பந்தம் 2004 இல் கையெழுத்தாயிற்று. பீதர் தளத்தில் அவை படையில் சேர்ந்தது 2008 இல். இருபத்தாறு ஆண்டுகள்! அந்தக் கோப்பு மேசை மேசையாக நகர்ந்த காலத்தில், சிறுவனாய் இருந்தவன் விமானியாகிவிடலாம்.

எல்லா விபத்துக்கும் இதுவே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. பறவை மோதுவதும் உண்டு, எஞ்சின் பழுதாவதும் உண்டு. நல்ல பயிற்சி பெற்றவனும் தவறலாம். எல்லையில் பகை நிற்கையில் இருப்பதைக் கொண்டு பறக்கத்தானே வேண்டும் என்று கேட்பாரும் உண்டு. பறக்கட்டும். ஆனால் விமானம் வாங்கப் பணம் தேடிய நாடு, அதை ஓட்டக் கற்பிக்கவும் தேடியிருக்க வேண்டாமா?

மேற்கு ஜெர்மனியைப் பாருங்கள். ஸ்டார்ஃபைட்டர் என்ற விமானத்தில் அந்நாடு ஏறத்தாழ 290 விமானங்களையும் 110க்கும் மேற்பட்ட விமானிகளையும் இழந்தது. விதவையாக்கி என்றே மக்கள் அதற்குப் பெயரிட்டார்கள். 1966 இல் படைத் தலைமை ஏற்ற ஸ்டைன்ஹாஃப், செத்தவனைக் குறை சொல்லிக்கொண்டிருக்கவில்லை. பயிற்சியையும் பராமரிப்பையும் சீர்செய்தார். விபத்துகள் குறைந்தன.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள் நம் பெரியோர். இறந்த விமானி எழுந்து வந்து தன் பக்கத்தைச் சொல்ல மாட்டான். கோப்பைத் தாமதித்த கையோ எந்த விசாரணையிலும் எளிதில் அகப்படாது.

மாணவத் தோழர்களே! நம் பள்ளத்தாக்கிலிருந்து இராணுவத்துக்குச் செல்வோர் பலர். நம்மில் சிலர் நாளை அலுவலக நாற்காலிகளிலும் அமரப் போகிறோம். மின்கம்பத்தில் ஏறும் தொழிலாளியாயினும், புதுப் பேருந்தைப் பிடிக்கும் ஓட்டுநராயினும், அவர்களுக்குரிய பயிற்சிக் கோப்பு நம் மேசைக்கும் வரலாம். அன்று அதை ஓரமாய் ஒதுக்காமல் கையெழுத்திடுவோம். விபத்துச் செய்தி கேட்டால், "யார் தவறு?" என்று கேட்குமுன், "இவனுக்கு என்ன கற்றுக் கொடுத்து ஏற்றினார்கள்?" என்று கேட்போம்.