ஆணையிட மறுத்தவர்கள்

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸின் போதனையால் திரண்ட குவேக்கர்கள், மத்தேயு நற்செய்தியின் மலைப்பொழிவில் இயேசு சத்தியம் செய்வதைத் தடுத்ததை எழுத்துப்படியே ஏற்று, நீதிமன்றத்திலும் ஆணையிட, அதாவது கடவுளைச் சாட்சியாக அழைத்துத் தம் சொல்லை உறுதிப்படுத்த, மறுத்தனர். ஆணையிடும்போது மட்டும் உண்மைக்குக் கட்டுப்படுபவர் மற்ற வேளைகளில் பொய்க்கு இடம் ஒதுக்கிவைக்கிறார் என்பது அவர்களின் வாதம். வாய்மை பற்றிய கிறிஸ்தவச் சிந்தனையில் இதைவிடக் கூர்மையான வாதம் அரிது. ஆங்கிலிகன் திருச்சபையோ தன் 39ஆம் சமயக் கூற்றில், அதிகாரி கேட்கும்போது நீதிக்காக ஆணையிடுவதை அனுமதித்தது. 1662ஆம் ஆண்டின் குவேக்கர் சட்டம் மறுப்பைக் குற்றமாக்கியது. 1664இல் அரச விசுவாச ஆணையை மறுத்த குவேக்கரான மார்கரெட் ஃபெல், உடைமை இழப்பும் சிறையும் விதிக்கும் பிரமுனைரி என்னும் தண்டனை பெற்று, 1668 வரை லங்காஸ்டரில் அடைபட்டிருந்தார். அரசனுக்கு எதிராக எழும் எண்ணமே இல்லாத அவர், தம் மனமறிந்த உண்மையையே ஆணையாகச் சொல்லி விடுதலை பெற வழியிருந்தும் அதை ஏற்கவில்லை என்பது ஊன்றிக் கவனிக்கத்தக்கது. ஆணைக்கு ஈடாக உறுதிமொழியை 1696ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றபோதிலும், குற்றவியல் வழக்குகளில் அவ்வாறு சாட்சி சொல்லும் உரிமை 1828இல்தான் கிடைத்தது. ஆயினும் அவர்களின் வாய்மை நீதிமன்றத்தைவிடக் கடையிலேயே முழுமையாக வெளிப்பட்டது எனலாம்; பேரத்தில் முதலில் சொல்லப்படும் விலை, விற்பவர் உண்மையில் ஏற்க எண்ணும் விலையன்று ஆதலால், அதுவும் பொய்யே எனக் கருதிய குவேக்கர் வணிகர்கள், குழந்தை வந்து கேட்டாலும் செல்வர் வந்து கேட்டாலும் ஒரே விலையைச் சொல்லி விற்றனர்.