‘அது வெறுங்கோது’

வட பிரான்சில், சோம் ஆற்றுப் பக்கத்துக் கிராமமொன்றில் வீடு வாங்கிய நண்பர் ஒருவர் தோட்டம் கொத்தும்போது ஓர் இரும்புத் துண்டைக் கிண்டி எடுத்தார். முழங்கை அளவு நீளம். துருவும் களியும் அப்பியிருந்தன. அடிப்பக்கத்தில் பச்சை பிடித்த செம்புப் பட்டி. அதைக் குசினி மேசையில் வைத்துப் படமெடுத்து, ‘இது என்னெண்டு ஆருக்கும் தெரியுமோ?’ என்று எங்கள் வட்ஸ்அப் குழுவில் போட்டார்.

கால் மணி நேரத்தில் பதினொரு பதில்கள். ஒருவர் மோட்டர் என்றார், இன்னொருவர் ஆட்டிலறி என்றார். வன்னியில் கடைசிவரை இருந்த ஒருவர், ‘நூறு வருசப் பழசு, மருந்து செத்திருக்கும். அது வெறுங்கோது அண்ணை. கம்பி பிரஷ்ஷால தேய்ச்சுப் பாருங்கோ, இலக்கம் தெரியும்’ என்று எழுதினார். கூகிளில் தேடிவிட்டு ‘பிரெஞ்சு 75 போல கிடக்கு’ என்று எழுதியவன் நான். பதினொருவரில் ஒருவர்கூட ‘பொலிசுக்கு அடியுங்கோ’ என்று சொல்லவில்லை.

இந்தக் கட்டுரை அந்தப் பதினொரு பதில்களுக்கும் எதிரானது.

முதலில் ‘கோது’. பீரங்கியால் சுடும்போது பித்தளைக் கோது பீரங்கியடியிலேயே தங்கிவிடும். பறந்து போவது குண்டு. செம்புப் பட்டி இருப்பது குண்டில்தான். அந்தப் பட்டியில் சாய்வான கீறல்கள் இருந்தால், அது பீரங்கிக் குழலின் முறுக்குத் தவாளிப்புகளுக்குள்ளால் போயிருக்கிறது. சுடப்பட்டு, விழுந்து, வெடிக்காமல் கிடந்திருக்கிறது. சுட்ட அதிர்ச்சியிலும் சுழற்சியிலும் அதன் பியூஸின் பாதுகாப்புப் பூட்டு விலகியிருக்கலாம். கீறல் இல்லையென்றால் ஆபத்தில்லை என்றும் அர்த்தமல்ல. நண்பர் அனுப்பிய படத்தைப் பெருப்பித்துப் பார்த்தால் அந்தக் கீறல்கள் தெளிவாகத் தெரிந்தன. நாங்கள் பதினொரு பேரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினோம்.

அடுத்தது ‘மருந்து செத்திருக்கும்’. முதலாம் உலகப் போரின் குண்டுகள் பலவற்றில் பிக்ரிக் அமிலம் நிரப்பப்பட்டிருந்தது. அது உலோகத்தோடு சேர்ந்து உண்டாக்கும் உப்புகள் மூல மருந்தைவிட இலகுவில் வெடிக்கும். அதாவது பழசாகப் பழசாகச் சாந்தமாவதில்லை, சில வேளை மோசமாகிறது. 2008இல் வர்ஜீனியாவில் ஒரு சேகரிப்பாளர் அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துப் பீரங்கிக் குண்டைச் சீராக்கிக்கொண்டிருந்தபோது அது வெடித்து இறந்தார். அந்தக் குண்டுக்கு வயது 140க்கும் மேல். 2014 மார்ச்சில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் கட்டடத் தொழிலாளர் இருவரை முதலாம் உலகப் போரின் குண்டு கொன்றது.

மூன்றாவது கம்பி பிரஷ். 1917 யூலையில் அதே ஈப்பரில்தான் ஜெர்மன் படை முதன்முதலில் மஸ்டர்ட் வாயுவைப் பயன்படுத்தியது. எந்தக் குண்டில் எந்த நஞ்சு என்பதை மஞ்சள், பச்சை, நீலச் சிலுவைகளாகத் தீந்தையால் குறித்தார்கள். நூறு வருடம் மண்ணுக்குள் கிடந்ததில் தீந்தை போய்விட்டது, நஞ்சு போகவில்லை. பெல்ஜிய இராணுவத்தின் வெடிபொருள் அகற்றும் பிரிவே சந்தேகமான குண்டுகளை எக்ஸ்ரே எடுத்து, உள்ளே திரவம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் பிரிக்கிறது. நாங்கள் ஒரு கைபேசிப் படத்தை வைத்துத் தீர்ப்புச் சொன்னோம்.

எங்களுக்கு இந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? ‘நாங்கள் சண்டைக்குள்ள வாழ்ந்த ஆக்கள், எங்களுக்குத் தெரியாததோ?’ என்ற பெருமையிலிருந்து. அந்தப் பெருமையில் உண்மை இல்லாமலில்லை. கிபிரின் இரைச்சலையும் செல்லின் கூவலையும் காதால் பிரித்தறிந்ததால்தான் எங்களில் பலர் உயிரோடிருக்கிறோம். ஆனால் அது எந்தத் திசை, எவ்வளவு தூரம், பங்கருக்குள் இறங்க நேரமிருக்கிறதா என்ற அறிவு. ஓடித் தப்புவதற்கான அறிவு. அதை வைத்துக்கொண்டு கையில் தூக்கிப் பார்க்க முடியாது. அறிந்தவர்களுக்கே அது கைகொடுக்காத நாட்கள் உண்டு. 2010 யூனில் ஜெர்மனியின் கோட்டிங்கனில், இரண்டாம் உலகப் போரின் குண்டொன்றைச் செயலிழக்க வைக்க ஆயத்தம் செய்துகொண்டிருந்த நிபுணர்கள் மூவர் கொல்லப்பட்டார்கள். அதையே தொழிலாகச் செய்தவர்கள் அவர்கள்.

எங்களுக்குள்ளும் நிபுணர்கள் இருக்கிறார்கள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மிதிவெடி அகற்றும் பெண்கள். ஏதாவது தட்டுப்பட்டால் அவர்கள் வேலையை நிறுத்துகிறார்கள், அடையாளமிடுகிறார்கள், மேற்பார்வையாளரைக் கூப்பிடுகிறார்கள். எங்கள் ஊரின் போர் அறிவு என்று ஒன்றைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க விரும்பினால் கொடுக்க வேண்டியது இதுதான். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய், அம்மம்மாவின் காணியில் துருப்பிடித்த ஒன்றைக் கண்டு, ‘ஞாபகத்துக்கு’ என்று கையில் எடுக்கப்போகும் பிள்ளைக்கு, அப்பாவின் சண்டைக் கதைகளைவிட இந்த மூன்று காரியங்களும் உதவும்.

எங்கள் மேல் விழுந்தது என்ன, யார் செய்தது என்று அறிய எங்களுக்கு உரிமையில்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. அதற்காகத்தான் கை வைக்கக்கூடாது என்கிறேன். எங்கே, எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பது சாட்சியத்தில் பாதி. கிண்டியெடுத்து மேசையில் வைத்த கணமே அந்தப் பாதியை அழித்துவிடுகிறோம். பெயரை அறிய வேண்டுமென்றால் பொருளைக் கிடந்த இடத்தில் விட வேண்டும்.

கடைசியில் நகரசபைக்கு அடித்தவர் நண்பரின் மனைவி. எங்கள் பதில்களை வாசித்துவிட்டு, ‘உங்கட ஆக்களுக்கு விசரோ?’ என்று கேட்டுவிட்டு, மகனை இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் அங்கிருந்து அடித்தாராம். அதிகாரிகள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அது என்ன குண்டு என்று நண்பர் கேட்டதற்கு, ‘ஏன் வீட்டுக்குள் கொண்டுவந்தாய்?’ என்று ஏசிவிட்டுப் போனார்களாம். குழுவில் இன்னமும் அது 75ஆ, 77ஆ என்ற வாதம் ஓய்ந்தபாடில்லை.

நான் அந்த வாதத்தில் இப்போது இல்லை. அடுத்த படம் வந்தால் எழுத ஒரு வரி வைத்திருக்கிறேன்: ‘தொடாதேங்கோ, வெளியில வாங்கோ, 112க்கு அடியுங்கோ.’