முதற்செலவு கழிவுநீர்த் தொட்டிக்கே

இமாச்சலப் பிரதேசத்தின் தீர்த்தன் பள்ளத்தாக்கில், ஆற்றங்கரையை ஒட்டி வாடகைக் குடில்கள் பல உள்ளன. 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட பெரும் இமாலயத் தேசியப் பூங்கா அருகில் இருப்பதே அவற்றின் மூலதனம். விருந்தினர் வருவது அறைக்காக அன்று. சன்னல் வழியே தெரியும் உயிர்களுக்காக.

அவற்றுள் ஒன்று டிப்பர் என்னும் பழுப்பு நிறச் சிறு பறவை. குளிர்ந்த நீருக்குள் மூழ்கி, ஆற்றின் அடித்தரையில் நடந்து, கற்களின் இடுக்கில் வாழும் பூச்சிகளின் இளம்புழுக்களைத் தின்னும். குடிலின் கழிவுநீர் ஆற்றில் கலந்தாலும், கட்டுமான மண் அந்த இடுக்குகளை அடைத்தாலும் புழுக்கள் குறையும். பறவையும் வேறிடம் தேடும். முன்பதிவு குறையும்போதுதான் உரிமையாளர் அதை உணர்வார்.

ஆகவே, கடன் பெற்றுக் குடில் அமைப்போர் கூடுதல் அறையைப் பின்னர் எண்ணலாம். கரையிலிருந்து விலகிய கழிவுநீர்த் தொட்டிக்கும், மரச்சுவரை மழையினின்று காக்கும் அகன்ற இறவாரத்துக்கும் முதலில் பணம் ஒதுக்க வேண்டும். கரைப் புதர்களை வெட்டாதிருக்கவும், இரவில் ஆற்றை நோக்கி விளக்கெரிக்காதிருக்கவும் செலவே இல்லை. (சில விருந்தினர் வெளிச்சம் கேட்பர், கைவிளக்கு போதும்.) தொட்டியைத் தூய்மைசெய்ய வண்டி வரும் வழியையும் கட்டும்போதே விட்டுவைப்பது நன்று, மலைச்சரிவில் பின்னர் அதற்கு இடம் கிடைப்பது அரிது.