நம்மட பொடியனுக்கும் எழுத்து வேண்டும்

“நம்மட பொடியன்தானே, எழுத்தெல்லாம் எதுக்கு?” பள்ளிவாசல்துறையிலும் கற்பிட்டிப் பக்கம் எங்கும் கலியாண வீட்டுக்காரர் போட்டோக்காரரை அமர்த்தும்போது சொல்வது இதைத்தான். முற்பணம் கை மாறும், திகதி வாயால் சொல்லப்படும், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். எழுதித் தரக் கேட்பது ஆளைச் சந்தேகிப்பதாகும் என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கை தவறு. அதை விட்டொழிக்க வேண்டும்.

மார்க்கம் சொல்வது வேறு. குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். தவணை குறித்த கொடுக்கல் வாங்கல் சிறிதோ பெரிதோ, சோம்பாமல் எழுதி வைக்கச் சொல்கிறது அது. கையோடு கை மாறும் வியாபாரத்துக்குத்தான் விலக்கு. போட்டோ வேலை அப்படியா? காசு இன்று, நிக்காஹ் அடுத்த மாதம், அல்பம் அதற்கும் பின்னால். அதே நிக்காஹ்வில், 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி மஹர் தொகையைப் பதிவாளர் எழுதுகிறார். மாப்பிள்ளையைச் சந்தேகித்தா எழுதுகிறோம்?

படச் சண்டைகளில் பெரும்பாலானவை ஏமாற்றால் வருவதில்லை. ஒரே பேச்சை இருவர் இருவிதமாக விளங்கிக்கொள்வதால் வருகின்றன. வலீமாவும் இந்தக் காசுக்குள் அடக்கமா? அவரே வருவாரா, வேறு ஆளை அனுப்புவாரா? அல்பம் எத்தனை பக்கம், எந்தத் திகதிக்கு? எல்லாவற்றிலும் பெரியது பெண்கள் பகுதி. அங்கே படம் எடுப்பது யார்? ஸ்டூடியோவில் அவற்றைத் திறந்து பார்ப்பது யார்? ஃபேஸ்புக்கில் போடலாமா? ஒருமுறை வெளியே போன படத்தை எந்த மன்னிப்பும் திருப்பிக் கொண்டுவராது. இதை எழுதாமல் விடுவது பிள்ளைகளின் மானத்தோடு விளையாடுவது.

“விலையுயர்ந்த கமரா வைத்திருக்கிறார்” என்பதும் உத்தரவாதமாகாது. மெமரி கார்ட் ஒன்று பழுதானால் அன்றைய நாளே போய்விடும். இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதியும் கமராவா, அன்றிரவே படங்களை இன்னோர் இடத்திலும் பிரதி எடுத்து வைப்பாரா என்று கேட்டு, அதையும் எழுதுங்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் வந்து சேர்ந்தது இந்தப் புத்தளம் மாவட்டத்துக்குத்தான். வீடுவாசலைப் பறிகொடுத்து வந்தவர்களுக்கு ஒரு பழைய படத்தின் பெறுமதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

“சின்ன ஊர், தினமும் முகம் பார்க்கிறோம், கடதாசி உறவைக் கெடுக்கும்” என்பார்கள். தினமும் முகம் பார்ப்பதால்தான் எழுத வேண்டும். வெளியூர்க்காரரோடு சண்டை வந்தால் அவர் போய்விடுவார். நம்மட போட்டோக்காரரோ வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் அதே ஸஃப்பில் பக்கத்தில் நிற்பார். எழுத்து அவருக்கும் காவல்தான். மிச்சக் காசுக்காக மாதக்கணக்கில் வீடு வீடாக அலைய வேண்டியதில்லை.

ஒரு தாள், இரண்டு பிரதி, இரண்டு கையெழுத்து, இரு சாட்சிகள் போதும். அதைக் கேட்டதற்கே கோபிப்பவரிடம் உங்கள் வீட்டுக் கலியாணத்தை ஒப்படைக்காதீர்கள்.