பெட்டியைப் பிரிக்க வேண்டாம்



காட்டாக்கடையிலிருந்து சென்னைக்குக் குடிவந்த சகோதரர் ஒருவர் ஆலோசனை கேட்டு எழுதியிருக்கிறார். காலஞ்சென்ற விமானப்படை உயர் அதிகாரி ஒருவரின் இரும்புப் பெட்டி ஊரில் விலைக்கு வந்திருக்கிறதாம். பதக்கங்கள், மார்பில் அணியும் இறக்கைச் சின்னம், பழைய விமானத்தின் உயரமானி ஒன்று, சில நோட்டுப் புத்தகங்கள் அதில் உண்டு. பழம்பொருள் சேர்ப்பதில் விருப்பமுள்ள இவர், பதக்கங்களை மாத்திரம் வாங்கினால் போதுமா என்கிறார்.

1984 ஜூலை 19 அன்று உருவான விமானப்படையின் தென் கட்டளையகம் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. ஆகையால் நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்து வீடுகளில் இப்படிப்பட்ட பெட்டிகள் இருப்பது வியப்பல்ல. பிள்ளைகள் நகரங்களில் குடியேறியபின் வீடு கைமாறும்போது பதக்கம் ஒருவரிடமும், காகிதம் எடைக்கு வாங்குபவரிடமும் போய்ச் சேருகிறது. அதுதான் நேரக்கூடிய பெரிய இழப்பு.

ஏனென்று விளக்குகிறேன். 1944-ஆம் ஆண்டு இம்பால் போர்முனையில் முதலாம் ஸ்குவாட்ரனின் ஹரிக்கேன் விமானங்களை நடத்தியவர் அர்ஜன் சிங். பிற்காலத்தில் விமானப்படைத் தளபதியாகி, 2002-இல் விமானப்படையின் மார்ஷல் என்னும் பதவியும் பெற்றவர். இம்பாலிலேயே மவுண்ட்பேட்டன் பிரபு அவர் மார்பில் டிஸ்டிங்குவிஷ்ட் ஃபிளையிங் கிராஸ் என்னும் பதக்கத்தை அணிவித்தார். அவ்வகைப் பதக்கத்தின் பின்புறத்தில் ஆண்டு மாத்திரமே பொறிக்கப்படும். பெற்றவரின் பெயரை அரசாங்கம் பொறிப்பதில்லை. அதே ஆண்டுப் பதக்கங்கள் இரண்டை மேசைமேல் வைத்தால், எது எவருடையது என்று பதக்கம் சொல்லாது. காகிதந்தான் சொல்லவேண்டும்.

சுதந்திரத்துக்குப் பின் வழங்கப்பட்ட நம் நாட்டுச் சேவைப் பதக்கங்களில் நிலைமை சற்று நலம். விளிம்பில் எண், பதவி, பெயர் பொறித்திருக்கும்; பூதக்கண்ணாடியால் பாருங்கள். பதக்கம் பெற்ற காலத்துப் பதவியே பொதுவாக அங்கே இருக்கும். ஏர் மார்ஷலாக ஓய்வுபெற்றவரின் பதக்கத்தில் ஃபிளையிங் ஆபீசர் என்று கண்டால் போலி என்று தள்ளிவிடாதீர்கள். பளபளப்பாக்கத் தேய்த்துத் தேய்த்து அந்த எழுத்துகளை அழிப்பவர்களும் உண்டு!

அந்த நோட்டுகளுள் 'லாக் புக்' என்னும் பறப்புக் குறிப்பேடு இருக்கிறதா என்று முதலாவது தேடுங்கள். ஒவ்வொரு பறப்பின் தேதி, விமானத்தின் வகை, எண், உடன் சென்றவர், பணி, பறந்த நேரம் யாவும் விமானியின் கையெழுத்தில் இருக்கும். மாதக் கணக்கைச் சரிபார்த்து மேலதிகாரி ஒப்பமிட்டிருப்பார். பெட்டியிலுள்ள மற்ற யாவற்றுக்கும் அதுவே சாட்சி. அதை லாமினேஷன் செய்யவோ, செலோடேப் ஒட்டவோ வேண்டாம். நம் பக்கத்து மழைக்காலத்தில் ஈரம் படாமல் காத்தாலே போதும்.

சட்டத்தையும் அறிந்திருப்பது நல்லது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி பொதுவாக நூறாண்டு கடந்தவையே தொல்பொருள். ஆனால் வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகளுக்கும் ஆவணங்களுக்கும் 75 ஆண்டுகளே போதும். ஆகவே 1944-இன் குறிப்பேடு இன்று அந்த வரையறைக்குள் வரக்கூடும். வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு அனுப்பிவிடலாம் என்று எண்ணாதீர்கள். தோட்டா ஏதேனும் அகப்பட்டால் தொடாமல் காவல் நிலையத்தில் தெரிவியுங்கள்.

உயரமானியைக் குறித்து ஓர் எச்சரிப்பு. இரண்டாம் உலகப் போர்க்கால விமானக் கருவிகள் பலவற்றில் இருளில் ஒளிரும்படி ரேடியம் கலந்த வண்ணம் பூசப்பட்டது. ஒளி மங்கிவிட்டதால் ஆபத்தும் தீர்ந்தது என்பது தவறு. ரேடியம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 1,600 ஆண்டுகள் ஆகும். கண்ணாடியைத் திறக்கவோ முள்ளைச் சுரண்டவோ வேண்டாம். பிள்ளைகள் உறங்கும் அறையில் அதை அலங்காரமாக வைக்கவும் வேண்டாம்.

விலையைப்பற்றிச் சகோதரர் கேட்கவில்லை, நான் சொல்லுகிறேன். விற்கிற விதவைத் தாயாருக்கு இவற்றின் மதிப்புத் தெரியாதிருந்தால், தெரிந்த நீங்கள் சொல்லிவிட்டு வாங்குங்கள். டெல்லி பாலத்திலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க அவருக்கு விருப்பமுண்டோ என்றும் கேளுங்கள். உங்களுக்கே தருவதானால் பெட்டியை முழுவதுமாக வாங்குங்கள். உள்ளே இருப்பவற்றை ஒவ்வொன்றாக இரண்டு பிரதிகளில் எழுதி, இன்னாருடையவை என்று அவரிடம் கையொப்பம் பெறுங்கள். தேதியும் இடமும் விடுபட வேண்டாம்; ஒரு பிரதி அவரிடமே இருக்கட்டும்.