குரங்கை இரவலனாக்கியது யார்?

ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறும் அடியவர் கூட்டம் தாணிப்பாறையைக் கடந்ததும், வழியோர மரங்களிலிருந்து குரங்குகள் இறங்கிவிடுகின்றன. பிஸ்கட்டும் வாழைப்பழமும் கொடுப்போர் அறமெனக் கருதியே கொடுக்கின்றனர். கொடாதவர் கைப்பை பறிபோகிறது. சில வேளை கடியும் விழுகிறது. பின்னர் குரங்குத் தொல்லை என்ற முறையீடு எழுகிறது. அத்தொல்லையை வளர்த்தவர் யார் என்ற வினாவை விருதுநகர் மாவட்டத்தார் தட்டிக்கழிக்கலாகாது.

தென்னிந்தியாவுக்கே உரிய நாட்டுக் குரங்கு, செவ்விய சமூக ஒழுங்கு உடையது. மந்திகள் பிறந்த கூட்டத்திலேயே வாழ்ந்து முடிகின்றன. தாயின் படிநிலை மகளுக்கு வாய்க்கிறது. கடுவன்கள் பருவமெய்தியபின் வேறு கூட்டம் தேடிச் செல்கின்றன. சென்ற இடத்தில் பல கடுவன்கள் ஒன்றையொன்று தழுவியும் பேன் பார்த்தும் இணங்கி வாழ்வது இவ்வினத்தின் தனிச்சிறப்பு. அந்த இணக்கமே இன்று குலைகிறது. பந்திப்பூர், முதுமலைக் காடுகளில் ஒரே கடுவனைக் கொண்ட சிறு கூட்டங்கள் தோன்றியிருப்பதை அனிந்த்ய சின்கா உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2005இல் பதிவு செய்தனர். பயணிகள் ஓரிடத்தில் குவிக்கும் உணவுக்கு இம்மாற்றத்தில் பங்குண்டு. 2018இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் கவலை தருவது. பந்திப்பூர்க் குரங்குகள், உணவு வைத்திருக்கும் மனிதரை நோக்கி மெல்லொலி எழுப்பிக் கை நீட்டுகின்றன. முகம் பார்த்துக் காத்திருக்கின்றன. காட்டில் கனியும் தளிரும் பூச்சியும் தேடியுண்ணும் உயிரை நாம் இரவலனாக்கிவிட்டோம்.

விரட்டும் வழிகளும் பயன் தரவில்லை. பட்டாசுக்குப் பெயர்பெற்ற இம்மண்ணில் வெடிக்குப் பஞ்சமில்லை. தோப்புக்காரர்களும் வெடி வெடித்தே விரட்டுகின்றனர். ஓசைக்குப்பின் தீங்கேதும் வாராதெனக் குரங்கு விரைவில் அறிந்துகொள்கிறது. கூண்டு வைத்துப் பிடித்து வேற்று மலையில் விடுவதோ பெருங்கொடுமை. தாயும் மகளும் பிரிகின்றன. சென்ற இடத்துக் கூட்டம் ஏற்பதில்லை. பிழைத்தவை மீண்டும் ஊரையே நாடுகின்றன. எண்ணிக்கை மிகுந்துவிட்டது என்பாரும் உளர். மைசூர் வட்டாரத்தில் சாலையோர மரங்கள் வீழ்ந்தபின், கால் நூற்றாண்டுக்குள் நாட்டுக் குரங்குகளின் தொகை பாதிக்குமேல் குறைந்ததை அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வினத்தை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது.

சதுரகிரியை உள்ளடக்கிய திருவில்லிபுத்தூர் மலை 1988இல் சாம்பல்நிற அணில் சரணாலயமாகவும், 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. காப்பகத்தின் வாயிலிலேயே காட்டுயிருக்குத் தின்பண்டம் ஊட்டப்படுவதை வனத்துறை இனியும் பொறுக்கலாகாது. அடிவாரத்தில் பைகளைச் சோதித்து நெகிழிப் பொட்டலங்களை நிறுத்த வேண்டும். உணவுக்கழிவு ஒருநாளும் பாதையில் தங்கக்கூடாது. கோயில் நிருவாகம் அன்னதானத்தை மூடிய கூடத்துக்குள் நடத்தட்டும். சாலை அகலப்படுத்துவோர் வெட்டும் ஆலுக்கும் அத்திக்கும் ஈடாக அவ்வகை மரங்களையே நட வேண்டும். அலங்காரச் செடிகள் ஈடாகா. மாவும் தென்னையும் இழக்கும் உழவரின் குறை மெய்யானது. அவர்களுக்குரிய இழப்பீட்டை அலைக்கழிக்காமல் அந்தப் பருவத்திலேயே வழங்குவது அரசின் கடன்.